பந்தியும் பரிமாறுவோனும்

சைவ உபாத்தியாயர்காள்,

பத்துப்பேர் இருந்த பந்தியிலே ஒருவன் இலையில் இருபது மோதகம் இருக்க, மற்றை ஒன்பதின்மர் இலையும் வெறிதாயிருப்பினும், சராசரிக் கணக்கில் ஆளுக்கு இரண்டென்றே விடை வரும். பாதிரிமார் பாடசாலையில் யாம் இக்கணக்கைச் செய்து சரியடையாளம் பெற்றோம். கணக்குச் சரியே, பந்தி சரியன்று என்பதை அக்காலத்தில் உணர்ந்திலேம்.

தேசங்களின் ஐசுவரியத்தை அளக்குங்காலும் இம்மயக்கமே நேர்கின்றது. சீனதேசத்திலே 1978 இற் பொருளாதாரக் கட்டுக்கள் தளர்ந்தன. அதன்பின் முப்பதாண்டுகாலம் உற்பத்தி ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்துவீத அளவிற் பெருகிற்று. கோடிக்கணக்கான சனங்கள் கொடிய வறுமையினின்று நீங்கினர். இதனை மறைத்துப் பேசுதல் பாவம். ஆயினும், எல்லாரும் சமமாயிற் சுன்னமும், எல்லாம் ஒருவனுக்கேயாயின் ஒன்றுமாக வரும் ஜினி எண், எண்பதுகளின் தொடக்கத்தில் 0.3 ஐ அண்டி இருந்தது, 2008 இல் அவ்வரசாங்கத்தார் கணக்கின்படியே 0.491 ஆயிற்று.

கடற்கரை முந்தும், உள்நாடு பிந்தும், அஃது இயல்பென்பர் சிலர். ஓரளவு ஒப்புகின்றோம். வினைப்பயன் என்று கைவிரிப்பாரோ எம்முள்ளேயே உளர். அவர்க்குச் சொல்லுவோம்: அளிப்பவன் சிவன், பரிமாறுவோன் மனிதன், இலை வெறிதாயின் பரிமாறினவனையே கேட்டல்வேண்டும்.

ஆங்கே மனிதர் இட்ட மதில் ஒன்றுண்டு. 1958 இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் சனங்களைக் கிராமத்தார், நகரத்தார் எனப் பிரித்தது. 1998 வரையும் தாயின் பதிவே பிள்ளைக்கும் ஆயிற்று. கிராமத்தான் நகரத்துக்குப் போய் மாடமாளிகை கட்டலாம். அவன் பிள்ளைக்கு அந்நகரத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் எளிதில் இடமில்லை. சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்கோ நெடுங்காலம் பதிவுள்ள மாகாணத்துக்கே திரும்பவேண்டியிருந்தது. ஆதலாற் கோடிக்கணக்கான பிள்ளைகள் கிராமத்திலே பாட்டன் பாட்டியிடம் விடப்பட்டனர். பெற்றோரை வருஷப்பிறப்பு விடுமுறையில் மாத்திரம் காண்பவர் அவருட் பலர். அப்பிள்ளைகளின் இடாப்பைக் கூப்பிடும் உபாத்தியாயரை நினைத்துப் பாருங்கள்.

இதனால் அந்நாட்டாரை இகழ்கின்றோம் என்று கொள்ளற்க. பிறப்பைக் கேட்டு வாங்கில் இடம் மறுத்த வழக்கம் எம்மூர்ப் பள்ளிக்கூடங்களிலும் இருந்தது. அதனைச் சைவத்தின் பெயராற் காத்து நின்றாரும் இருந்தனர்.

மனிதர் இட்ட மதிலை மனிதர் எடுக்கவுங் கூடும். 2006 இற் பயிர்நில வரி ஒழிந்தது. அடுத்த ஆண்டளவிற் கிராமத்துக் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் நின்றது. பின்னர் அவ்வெண் சிறிது தாழ்ந்தது. இவற்றால் மாத்திரமே தாழ்ந்தது என்று யாம் சாதியோம். 2014 இற் கிராமத்தார் நகரத்தார் என்னும் பெயர் வேற்றுமையையும் நீக்க விதித்தனர். பெருநகரத்துப் பள்ளி வாசலிலே பதிவு இன்னும் கேட்கப்படுகின்றது.