ஆடத் தெரியாதவரிடம் தோற்பது எப்படி?

ஆடத் தெரிந்தவரிடம் தோற்றால் அவ்வளவாக வலிக்காது. ‘மனுஷன் கில்லாடி’ என்று கையைக் குலுக்கிவிட்டு வந்துவிடலாம். ஆடத் தெரியாதவரிடம் தோற்றுப் பாருங்கள். அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு!

சீட்டாடுகிற எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார். ரம்மியில் குப்பைக் கார்டு வந்தாலும் ஸ்கூட் விடமாட்டார். போக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். எது வந்தாலும், ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று பணத்தை நடுவில் தள்ளுவார். கடைசிக் கார்டு அவரைத் தூக்கிவிடும். அவர் சிரிப்பார். கணக்குப் போட்டு ஆடிய உங்களுக்கு வயிறு எரியும்.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாமா? நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது.

டெக்சாஸ் ஹோல்டம் என்கிற போக்கர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு கார்டு. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து கார்டு. உங்கள் கைக்கு வந்த இரண்டுமே ஏஸ் என்றால், அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. எதிரே ஒரே ஒருத்தர், ஏதோ இரண்டு கார்டோடு கடைசிவரை நின்றால், 100-க்கு 85 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஐந்து பேர் நின்றால்? 49 தடவைதான். எட்டுப் பேர் நின்றால் சுமார் 35. அதாவது, இருப்பதிலேயே நல்ல கார்டை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு தடவை தோற்பீர்கள்.

இப்போது பணத்தைப் பாருங்கள். ஆளுக்கு 100 ரூபாய். எதிரே ஒருத்தர் என்றால் நடுவில் 200. அதில் சராசரியாக உங்கள் பங்கு 170. எட்டுப் பேர் என்றால் நடுவில் 900. உங்கள் பங்கு சுமார் 315. நீங்கள் போட்டது அதே 100 தான்!

ஆக, அசட்டுத் துணிச்சல்காரர்கள் கூடக்கூட லாபமும் கூடும், தோல்வியும் கூடும். இரண்டும் ஒரே பொட்டலம். பிரித்து வாங்க முடியாது.

ஆனால், சராசரி என்பது ஆயிரம் ஆட்டம் தாண்டி வருகிற விருந்தாளி. அவர் வருகிறவரை வீட்டில் அரிசி இருக்க வேண்டுமே! ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, அதில் திறமை இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. இருந்தும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. திறமை இருப்பது ஒன்று, தாக்குப்பிடிப்பது வேறொன்று.

சீட்டை விடுங்கள். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் கடலோரமாக மணப்பட்டு என்று ஒரு கிராமம். அந்தப் பக்கத்துக் கடற்கரை மண்ணுக்குச் சவுக்கு நன்றாக வரும். நட்டுவிட்டு நாலு வருஷம் காத்திருக்க வேண்டிய பயிர். அங்கே இரண்டு விவசாயிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் கடன் வாங்கி, இருக்கிற நிலம் முழுக்கச் சவுக்கு போடுகிறார். இன்னொருத்தர் பாதி சவுக்கு, பாதி மணிலா. 2007-ல் வெட்டு. முதல் ஆள் கையில் இரண்டு பங்கு பணம். ‘பொழைக்கத் தெரியாத மனுஷன்’ என்று இரண்டாமவரை ஊரே கேலி செய்கிறது.

மறுபடி போடுகிறார்கள். மரம் வெட்டுக்கு வருகிற நேரம். 2011 டிசம்பர் 30, ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடக்கிறது. முதல் ஆளுக்குக் கடன் மட்டும் மிச்சம். இரண்டாமவருக்குப் பாதி போச்சு, பாதி நிற்கிறது. இப்போது ஊர் சொல்கிறது: ‘அவரு அப்பவே யோசிச்சாரு பாருங்க!’

என் கேள்வி இதுதான். இரண்டாமவர் புத்திசாலி ஆனது டிசம்பர் 30-ஆம் தேதியா? புயல் வடக்கே திரும்பிப் போயிருந்தால் அவர் மறுபடி முட்டாளா?

இல்லையே. கேலி கேட்ட 2007-லும் அவர் செய்தது சரிதான். விளைவு, முடிவெடுத்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து மனிதரை எடைபோடுவது நியாயமா? ஆனால், நாம் வேலைக்கு ஆள் எடுப்பது, பிள்ளைகளை ஏசுவது, பக்கத்து வீட்டுக்காரரைப் புகழ்வது எல்லாமே மார்க்கையும் பணத்தையும் பார்த்துத்தான்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தோற்றவர்கள் எல்லாம், ‘நான் சரியாத்தான் ஆடினேன், நேரம் சரியில்லை’ என்று கிளம்பிவிடலாம். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஜெயித்த அன்றைக்கு, ‘இதில் என் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?’ என்று கேட்டீர்களா? கேட்டவருக்குத்தான் தோற்ற அன்று நேரத்தைக் குறைசொல்லும் உரிமை.

இன்னொன்று. அந்த ‘போட்டுத்தான் பார்ப்போமே’ ஆள் திருட்டாட்டம் ஆடவில்லை. சகுனியிடம் தோற்றதற்குத் தருமர் கோபப்பட்டால் நியாயம் உண்டு. இவர் மேல் நமக்கு ஏன் கோபம்? யோசித்து ஆடியவனுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்று ஒரு நினைப்பு. உலகம் அப்படி எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கோபத்தில்தான் மனிதர் அடுத்த வார்த்தையைச் சொல்வார்: ‘விட்டதைப் பிடிக்கிறேன்.’ சொத்து அழிவது முதல் தோல்வியில் இல்லை, இந்த வார்த்தைக்குப் பிறகுதான். ஒவ்வொரு தோல்விக்கும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனார் தருமர். கடைசியில் பாஞ்சாலிவரை போனது. விட்டதைப் பிடிக்க ஆடுகிற நிமிஷத்திலிருந்து, ஆடத் தெரிந்தவரும் அந்தத் தெரியாதவர் மாதிரியே ஆடுகிறார். எந்தக் கார்டு வந்தாலும் கீழே வைப்பதில்லை.

தோற்ற ராத்திரி, போன பணத்தை எண்ணாதீர்கள். அதே நிலைமை நாளைக்கு வந்தால் அதே முடிவை எடுப்பேனா என்று கேளுங்கள். ‘எடுப்பேன்’ என்று பதில் வந்தால், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ‘மாட்டேன்’ என்று வந்தால், பாடம் கிடைத்துவிட்டது, அப்போதும் தூங்கலாம்.