பரக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் எங்கள் நாவிதன்வெளிப் பக்கம். மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணி பாயும். அப்போது போக்குவரத்தும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. சிறுபோக வெட்டு முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் எங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டி. பதினெட்டு வருசமாய் எங்கள் கழகத்துக்குப் புள்ளி எழுதுகிறவன் நான். மட்டை பிடிக்க வராது என்று நேரத்தோடே தெரிந்துவிட்டதால் பேனை பிடித்தேன்.

போன முறை முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, பள்ளிக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தோம். அஸர் தொழுதுவிட்டு வந்த ஒரு மூத்தவர் சொன்னார்: “உங்களுக்குள்ள பரக்கத் இல்ல மனே.” பொடியன்கள் “ஒற்றுமை இல்ல காக்கா” என்றார்கள். கெப்டனோ “அடிக்கிற ஆள் இல்ல” என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம். ஓட்டம், பந்து, விக்கெட், உதிரி என்று எல்லாவற்றுக்கும் என் புத்தகத்தில் கட்டம் உண்டு. பரக்கத்துக்கு எங்கே கட்டம்?

அந்தச் சொல்லை நான் படித்தது ஓதப்போன இடத்தில் அல்ல, அடுப்படியில். உம்மா பிஸ்மி சொல்லி அரிசி அளப்பா. கொஞ்சந்தான், பத்துப் பேருக்குக் காணும். அரிசி கூடியதில்லை, அது கண்டது. பரக்கத் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

சில வருசங்களுக்கு முன் ஓர் இறுதிப் போட்டி. பத்து ஓவரில் எங்களுக்கு 62 ஓட்டம். மென்பந்தில் அது காணும் கணக்கே இல்லை. கடைசிப் பந்தில் அவர்களுக்கு 3 தேவை. அடித்தவன் கவர் பக்கம் தட்டிவிட்டு ஓடினான். எங்கள் ஆள் அவசரப்பட்டு எறிந்த பந்து பந்துவீச்சாளர் பக்க விக்கெட்டைத் தாண்டிப் பறந்தது. அங்கே பின்னால் ஒருவன் நின்றான். மிட் ஓனில் நின்றவன், பந்து அடிபட்டபோதே ஓடி வந்து, முழங்காலைக் குத்திப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது ஓட்டம் இல்லை. ஓர் ஓட்டத்தால் வென்றோம்.

நான் எழுதியது: 1. அவ்வளவுதான்.

மிட் ஓனில் நின்ற அந்தப் பொடியன் அண்ணாமலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, வெட்டு மெசினில் வேலை. பதினொருவரில் ஒருவர் குறைகிறது என்று கூட்டி வந்த ஆள். அன்றைக்கு அவன் மட்டை பிடிக்கவில்லை, பந்து போடவில்லை, பிடியும் எடுக்கவில்லை. என் தாளில் அவன் பெயருக்கு நேரே வெறும் கோடு. நன்மை தீமை எழுதும் கிராமன் காத்திபீன் மலக்குகளின் புத்தகத்தில் அவன் ஓடி வந்த அந்த ஓட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று அன்றிரவு நினைத்தேன்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு “ஒற்றுமைதான் வெற்றி” என்று மேடையில் பேச எனக்கு மனமில்லை. வென்ற வருசம் எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிட்டோம். தோற்ற வருசம் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. ஒற்றுமை வெற்றியைக் கொண்டுவந்ததா, வெற்றி ஒற்றுமையைக் கொண்டுவந்ததா? பஞ்சை நெருப்பில் வைத்தால் எரிவதைக் காண்கிறோம். நெருப்போடு சேர்ந்து எரிந்ததைத்தான் கண்டோம், நெருப்பால்தான் எரிந்தது என்பதைக் கண்ணால் காணவில்லை என்று இமாம் கஸ்ஸாலி வாதித்தார். கிரிக்கெட் நிபுணர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

அமெரிக்காவின் பேஸ்போலில் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணி 1972, 1973, 1974 மூன்று வருசமும் தொடர்ந்து உலகத் தொடரை வென்றது. அவர்கள் உடைமாற்றும் அறையிலேயே கைகலக்கிற கூட்டம். 1974இல் ரெஜி ஜாக்சனும் பில் நோர்த்தும் அடிபட, விலக்கப்போன ரே பொஸிக்குக் கழுத்தில் காயம். அந்த வருசமும் கிண்ணம் அவர்களுக்கே.

நம்முடைய 1996 உலகக் கிண்ணத்தையும் ஒற்றுமையின் கதையாகவே சொல்கிறோம். லாகூர் இறுதியாட்டத்தில் 23 ஓட்டத்துக்குள் இரண்டு தொடக்க ஆட்டக்காரரும் போய்விட்டார்கள். பிறகு அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அதற்கு முன் 3 விக்கெட்டும் அவருடையது. அந்த மணிக்கட்டுக்கு ‘ஒற்றுமை’ என்று பெயர் வைப்பது அநியாயம். அது திறமை. ஆனால் 1999 ஜனவரியில் அடிலெய்டில், முரளிதரனின் பந்து பிழை என்று நடுவர் கை நீட்டியபோது, அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனாரே, அது எந்தக் கட்டத்துக்குள் அடங்கும்? நாடு சண்டையில் எரிந்த காலம். ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக ஒரு சிங்களக் கெப்டன். இங்கிலாந்தின் 302ஐத் துரத்தி அன்று ஒரு விக்கெட்டால் வென்றார்கள். தோற்றிருந்தாலும் அவர் செய்தது சரிதான். அங்கேதான் எனக்குப் புத்தி தட்டியது.

போன முறை தோற்றதற்கு அடுத்த நாள், தேத்தண்ணிக் கடை மூத்தவரிடம் கேட்டேன்: “தோற்றால் பரக்கத் இல்ல என்டா, உஹதில யார் நின்டது காக்கா?” பத்ர் யுத்தத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர், எதிரே ஆயிரமளவில், வென்றார்கள். அடுத்த வருசம் உஹதில் அதே ஸஹாபாக்கள், அதே நபி. மலையில் நிறுத்திய வில்லாளிகளில் பெரும்பாலானோர், ‘இடத்தை விடாதே’ என்ற சொல்லை மறந்து இறங்கியதில் அன்றைய நாளே புரண்டது. ஹுனைனில் பன்னிரண்டாயிரம் பேர். தொகையைக் கண்டு வந்த பெருமை முதலில் அவர்களைச் சிதறடித்தது. தோல்வி அல்லாஹ் கைவிட்டதற்கு அத்தாட்சி என்றால் உஹதை எங்கே வைப்பது?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மலையில இறங்காம நின்டவனும் இருந்தான் மனே” என்றார்.

அதுதான். கடைசி வரை நின்ற வில்லாளிகளின் தலைவரும் அவரோடு நின்ற சிலரும் அங்கேயே ஷஹீதானார்கள். நாள் கைவிட்டுப் போயிற்று. அவர்கள் நின்றது வீணாயிற்று என்று எந்த முஸ்லிமும் சொல்லமாட்டான்.

திறமை ரிஸ்க், அல்லாஹ் அளந்து தருவது. அரவிந்தவின் மணிக்கட்டை அரவிந்த செய்துகொள்ளவில்லை, பயிற்சி அவருடையது. வெற்றி யாருக்கென்று நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சுவது, பந்து தன் பக்கம் வராதபோது மிட் ஓன்காரன் ஓடுவது. அந்த ஓட்டம் தேவைப்படாமல் போகிற நாள்தான் அதிகம். நூறு தடவை ஓடினால் ஒரு தடவைதான் எறி பிழைக்கும். மற்றத் தொண்ணூற்றொன்பதையும் ஓடினவனுக்கு, என் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், கூலி உண்டென்று நான் நம்புகிறேன். அவன் எந்த ஊர், எந்த மார்க்கம் என்பது என் கணக்கில் வராது.

எங்கள் மிட் ஓன் பிள்ளை இப்போது கட்டாரில். வருகிற சிறுபோக வெட்டு முடிந்ததும் சுற்றுப்போட்டி. மிட் ஓனுக்கு ஆள் தேடுகிறோம். மட்டை பிடிக்கத் தெரியாவிட்டாலும் காரியமில்லை, நேரத்துக்கு வாருங்கள்.