இரண்டு வெள்ளிக்காசுக் கூலி

இரண்டாயிரம் குடியானவர்களை ஐந்தடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்துங்கள். முதல் ஆள் கையில் ஒரு கம்பைக் கொடுங்கள். அவர் அதை அடுத்தவரிடம் நீட்ட, அவர் அதற்கடுத்தவரிடம் நீட்ட, கடைசி ஆளிடம் அது போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் விதிப்படி ஆறு வினாடி. அந்த ஆட்டத்தில் சண்டையின் ஒரு சுற்று ஆறு வினாடி; எத்தனை பேர் நின்றாலும் அந்தச் சுற்றுக்குள் ஆளுக்கொரு முறை உண்டு. ஆகவே கம்பு மூன்று கிலோமீற்றரை ஆறு வினாடியில் கடந்துவிடுகிறது. ஒலியைவிட வேகம். கடைசி ஆள் அதை விட்டெறிந்தால் கோட்டை மதில் பொடிப்பொடியாக வேண்டாமா என்று ஒரு கட்சி கேட்கும். எறிகிற கம்புக்கு எவ்வளவு காயம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான், ஒரு பகடையை உருட்டிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள் என்று மறுகட்சி சொல்லும்.

இந்த வேடிக்கையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், முதல் கட்சிக்காரர் வேகத்துக்குப் புத்தகத்தைக் காட்டுகிறார். காயத்துக்கு மட்டும் பௌதிகவியலைக் காட்டுகிறார். தனக்கு எது வசதியோ அதுவே அந்த நேரத்துச் சட்டம். இப்படிப்பட்டவரை அந்த ஆட்டக்காரர்கள் 'விதிச் சட்டத்தரணி' என்று கேலி செய்வார்கள். 2024இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேடு இதற்கென்றே இடம் ஒதுக்கி, விதிகள் உலகத்தின் பௌதிகவியல் அல்ல என்று சொல்லவேண்டி வந்தது. ஒரு பகிடிக்கு இவ்வளவு பெரிய மரியாதை எங்கள் மலையகப் பக்கத்தில் கிடைத்ததில்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறு நகரமான லேக் ஜெனீவாவிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதிய மூன்று சிறு புத்தகங்களாக அது வெளிவந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, மந்திரவாதியாகவும் கள்வனாகவும் வீரனாகவும் வாயாலேயே ஒரு கதையை நடத்துவார்கள். ஆட்ட நடத்துநர் ஒருவர் மட்டும் வேடம் எடுக்காமல் உலகத்தையே சுமப்பார்: மழை, வழிப்பறி, அரசன், அரக்கன் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். இருபது முகப் பகடை முடிவுகளைச் சொல்லும். பகடை சொன்னது செல்லுமா என்பதை ஆட்கள் சொல்வார்கள். பாதி நேரம் அதில்தான் போகும்.

இரத்தோட்டையில் இருந்துகொண்டு அந்த முதற் பகிடியைக் கேட்கிறவனுக்குக் கம்பு கண்ணில் படுவதில்லை, வரிசைதான் படுகிறது. அதே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் தொழில் தெரியாத கூலியாளுக்கு நாட்சம்பளம் இரண்டு வெள்ளிக்காசு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆக, இரண்டாயிரம் பேருக்கு நாலாயிரம் வெள்ளிக்காசு. கம்பின் வேகத்தைக் கணக்கிட்டவர்கள் பலர். அந்த வரிசையில் நிற்க யாராவது சம்மதித்தார்களா என்ற கேள்வி எந்தக் கட்சியிலும் எழவில்லை. விளையாட்டுத்தானே, அதுவும் சரிதான்.

இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், மாத்தளையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறது இரத்தோட்டை. மிளகும் ஏலமும் கிராமத்தவர் கையில், தேயிலை தோட்டங்களில். கம்மடுவ, நிக்கலோயா என்று மேலே போகப்போகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். மாசி மாதம் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஐந்து தேர் ஓடும் நாட்களில்தான் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கிறது. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவில் காமன் ஊன்றுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பகலில் கொழுந்துக் காட்டிலும் மலைவேலையிலும் நின்றவர்களே இரவில் மன்மதனும் இரதியும் சிவனும் வீரபத்திரனும் எமனும் தூதனும் ஆவார்கள். இரதிக்கும் ஆண்தான் வேடம் கட்டுவான். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்ப, இரதி போகாதே என்று மறிக்க, அவன் போய் நெற்றிக்கண்ணில் எரிந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனம். பிறகு இரதியின் ஒப்பாரிக்கு இரங்கி அவனுக்கு உயிர் திரும்புகிறது. ஒரேயொரு நிபந்தனை: இனி அவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

அந்த நிபந்தனைதான் பொறி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதை வைத்தே லாவணி என்ற ஒரு கலை வளர்ந்தது. மராட்டியர் ஆட்சியோடு அங்கு வந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்ட வடிவம் அது. டேப்பும் துந்தினாவும் வைத்துக்கொண்டு இரண்டு அணி உட்காரும். ஒன்று எரிந்த கட்சி, மற்றது எரியாத கட்சி. காமன் எரிந்தானா இல்லையா என்பதே வழக்கு. நெற்றிக்கண் திறந்த பிறகு பிழைத்தவன் உண்டா என்பார் எரிந்த கட்சிக்காரர். எரிந்து சாம்பலானவனை இரதி எந்தக் கண்ணால் கண்டாள், சாம்பலுக்கு உருவம் உண்டா என்பார் மற்றவர். காமன் செத்தே போனான் என்றால் சபையில் இவ்வளவு குழந்தைகள் எப்படி என்ற வகைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். சிரிப்பு அடங்கவே நேரமாகும். புராணத்தைப் பாட்டில் மேற்கோள் காட்டி, எதிராளியின் பாட்டிலேயே ஓட்டை கண்டுபிடித்து, விடியும்வரை போகும். விடிந்தாலும் தீர்ப்பு வராது. அடுத்த மாசியில் மறுபடி தொடங்கவேண்டும் அல்லவா?

லேக் ஜெனீவா மேசைக்கும் இந்தப் பந்தலுக்கும் உள்ள உறவு எனக்கு இங்கேதான் தெரிகிறது. இரு இடத்தாரும் இல்லாத ஒன்றைப் பற்றி, இருக்கிற கறாரோடு வாதாடுகிறார்கள். உலகத்தில் வேறெந்தச் சட்டத்தின் முன்னாலும் இப்படிச் சிரித்துக்கொண்டே குறுக்குக்கேள்வி கேட்க முடியாது. தோற்றவன் வீட்டுக்கு முழுசாகப் போகிறான்.

வேறுபாடும் உண்டு, அது சின்னதல்ல. மேசையில் ஒருவன், இது என் பாத்திரம் கேட்கிறது, இது நான் கேட்கிறேன் என்று பிரித்துச் சொல்லலாம். காமன் கூத்தில் வீரபத்திரனுக்கு உரு ஏறிவிட்டால் அந்தக் கோடு அழிந்துபோகும். தப்பு மேளம் வேகமெடுக்கும், நாலு பேர் அவனைத் தாங்கிப் பிடிப்பார்கள், அதுவரை கேலி பேசிய கோமாளியும் ஒதுங்கிவிடுவான். சாமி வந்தவனிடம் போய் இந்தக் கட்டம் இரதி புலம்பிய பிறகல்லவா வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நினைத்தவர் மறுநாள் கூத்து வாத்தியாரிடம் கேட்பார். மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதி வைத்தார்கள். எழுத்தில் வந்ததும் சில வாதங்களுக்குப் பக்க எண் கிடைத்தது. சில வாதங்கள் பக்க எண்ணோடு மூர்க்கமாயின.

புத்தகமா, நடுவரின் வாயா என்ற இந்தத் தகராறு பழையது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் அச்சிட்ட போர் விளையாட்டில் அட்டவணைகளும் பகடைகளும் சண்டையின் விளைவைத் தீர்மானித்தன. விதிகள் பெருத்து ஆட்டம் நகர மறுத்தபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூக்கி வைத்துவிட்டு அனுபவசாலியான நடுவரின் சொல்லே போதும் என்றார். ஆட்டம் வேகமாக ஓடியது. அதன்பிறகு நடுவரின் குணமே விதி.

நடுவரின் குணம் விதியாவது எப்படி என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எந்தத் தளபதியும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கும். எடுத்தால் பேர், அதாவது முழு நாட்கூலி; எடுக்காவிட்டால் அரைப்பேர். கூடைக்கு இவ்வளவு கழிவு, மழை நாளென்றால் தண்ணீருக்கு இவ்வளவு கழிவு, முற்றிய இலைக்கு இன்னும் கொஞ்சம். தராசின் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்பவர் ஒருவர், செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதுபவர் ஒருவர். பறித்தவள் கூடையை இறக்கிவிட்டு அந்த எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வீதியில் இறங்கிய பிறகு, 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அங்கே உண்மையான சட்டத்தரணிகள் இருந்தார்கள். பகிடி இல்லை.

இதைவிடப் பெரிய விதிப்புத்தகமும் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவன் பிரஜையாவதற்குத் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்து மலைகளில் பூட்டனின் பிறப்பை நிரூபிக்கச் சொன்ன அந்த வாசகத்தை எழுதியவர், எந்த மேசையிலும் தேர்ந்த ஆட்டக்காரராக விளங்கியிருப்பார். 1949இல் இன்னொரு சட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது: திருமணமானவருக்கு ஏழு ஆண்டு, ஆகாதவருக்குப் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்த சான்று. இடையில் இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் வந்தது தொடர்ச்சியை அறுக்குமா, அறுக்காதா? லாவணிக்கு உகந்த கேள்வி. ஆனால் எதிர்க்கட்சிக்குப் பாட இடம் தரப்படவில்லை.

1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்தாண்டு ஒதுங்கி நின்ற அந்த மீதியைச் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தது 1974 ஜனவரியில். லேக் ஜெனீவாவிலிருந்து அந்தச் சிறு புத்தகங்கள் வெளிவந்த அதே மாதம். அங்கே வேடம் எடுப்பவன் தன் குலத்தைத் தானே தெரிவு செய்யலாம் என்பது முதல் பக்கங்களிலேயே இருக்கும் சலுகை. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. திகதிகள் அருகருகே விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பகடையில் பந்தயமாக வைக்கப்பட்டவரே எழுந்து விதியைப் பற்றிக் கேட்ட ஒரு சபை நம் கதைகளில் உண்டு. தருமன் தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தானா, முன்னரா என்று பாஞ்சாலி கேட்டாள். தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரை வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பது ஆட்டவிதி பற்றிய கேள்விதான். எந்த விதிச் சட்டத்தரணியும் பெருமைப்படக்கூடிய கேள்வி. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவினார். கௌரவர்களுக்குள் இளையவனான விகர்ணன் மட்டும் அவள் பக்கம் நியாயம் சொன்னான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். கடைசியில் திருதராட்டிரன் வரம் கொடுத்தது வாதத்தில் தோற்றதனால் அல்ல, துர்நிமித்தங்களைக் கண்டு பயந்ததனால். அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை சபையின் பதில் இல்லை. அருச்சுனன் தபசு ஆடும் மலையகத்தில் பாரதக் கதை தெரியாதவர் குறைவு. அந்தக் கட்டத்தில் மட்டும் கூட்டம் சிரிப்பதில்லை என்பதைப் பெரியவர்கள் கவனித்திருப்பார்கள்.

2003இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் முதல் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை கொடுத்து அந்த நெடிய சுற்றை முடித்தது. ஐம்பத்தைந்து ஆண்டு. ஆட்டக்காரர் கணக்கில் எத்தனை ஆறு வினாடி என்று விரும்புகிறவர்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டையொட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்தில் மூதாதையர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் திரும்ப நடந்தார்கள். வேடமும் ஒப்பனையும் இல்லை என்பதைத் தவிர அதுவும் ஒரு கூத்துத்தான். வழியிலும் வந்து சேர்ந்த இடத்திலும் வாதங்கள் நடந்தன. இந்தியத் தமிழரா, மலையகத் தமிழரா என்று ஒரு வாதம். காணி பற்றி இன்னொரு வாதம். அது இப்போதும் நடக்கிறது. தனிவீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு பத்து என்றார்கள், இருபது வேண்டும் என்கிறார்கள் மக்கள். ஒரு பேர்ச்சஸ் இருபத்தைந்து சதுர மீற்றருக்குச் சற்று மேல். லயத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறை கொத்திப் பண்படுத்திய மரக்கறிப் பாத்தி அந்த ஏழுக்குள்ளே சேருமா, வெளியே நிற்குமா? கையில் கொடுக்கும் தாள் வங்கியில் அடகுக்குச் செல்லுமா? செல்லாத தாளைக் காணி உறுதி என்று அழைக்கலாமா? லயத்து வாசலில் இதைப் பேசுகிறவர்கள் நடுநடுவே சிரிக்கவும் செய்கிறார்கள். காணி பற்றிய சுற்றறிக்கையின் பிரதியொன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு பந்தியைக் காட்டுகிறார்கள்.