உலாப் போகும் காரும் உடைமையின் அறமும்

தேவைக்கு மேற்பட்ட ஒரு பொருளை, இன்பம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு வாங்குவது அறமாகுமா? இக்கேள்வியைப் பொதுப்படக் கேட்டால் பொதுப்படையான விடையே கிடைக்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பொருளையும் ஒரு குறிப்பிட்ட சாலையையும் எடுத்துக்கொள்வோம். பொருள், ஆங்கிலேயர் செய்த, மேற்கூரையைத் திறந்து மடக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். சாலை, சென்னையிலிருந்து செங்குன்றம், சோழவரம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கும் அதன் கரையிலுள்ள தோணிரேவு போன்ற மீனவச் சிற்றூர்களுக்கும் செல்வது. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேமித்த ஒருவர், அத்தகைய கார் ஒன்றைப் பல இலட்சம் கொடுத்து வாங்கி, ஞாயிறு மாலைகளில் இச்சாலையில் நிதானமாக உலா வர விரும்புகிறார் என்று கொள்வோம். அவரை நாம் வாழ்த்துவதா, இடித்துரைப்பதா?

இந்தச் சாலைக்கும் அந்தக் காருக்கும் பழைய உறவு உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் அமையும்வரை, பல்லாண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது. பிரிட்டனின் டிரையம்ப் காரைத் தழுவிச் சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அங்கே ஓடியது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் பலர் நினைவில் எழுவது எம்.ஜி. என்னும் பெயரே. 1945-க்கும் 1949-க்கும் இடையே செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. காரின் எண்ணிக்கை ஏறத்தாழ 10,000. 1250 சி.சி. எஞ்சின், மரச்சட்டத்தின்மேல் போர்த்திய இரும்புத் தகடு, இருவர் மட்டுமே அமரும் இருக்கை. அதை ஈன்ற ஆபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. அந்தப் பெயரும் பின்னர்ச் சீன நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. எஞ்சியிருப்பவை, அன்போடு பேணப்படுகின்ற பழைய வண்டிகள் மட்டுமே.

இனி, எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்போம். ரேவு என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும் சொல். தோணிரேவு தோணிகள் வந்தணையும் துறை. அந்தத் துறையைச் சூழ்ந்துள்ள வாழ்வு எளிதானதன்று. ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடும்போது கடல்நீரின் வரத்துக் குறைகிறது. அந்நீரோடு உள்ளே வரவேண்டிய இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் குறைகின்றன. வலை வெறுமையாய்த் திரும்புகிறது. ஒரு பழைய காருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு ஃபைபர் படகும் அதற்குரிய எஞ்சினும் வலைகளும் வாங்கிவிடலாம். ஒரு குடும்பத்தின் பிழைப்பை ஒரு மனிதரின் பொழுதுபோக்கு விழுங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும், இவ்வாதத்தை இறுதிவரை கொண்டுசென்றால் அது எங்கே போய் நிற்கும்? வீணை வாங்குவதும் தவறு. திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும் தவறு. மகளின் திருமணத்தில் ஏழை மீனவர் கடன் வாங்கியேனும் ஊருக்கு உணவளிப்பதும் தவறு என்றாகிவிடும். உயிர் தரிப்பதற்கு வேண்டியதே மனிதனுக்கு வேண்டியது என்னும் அளவுகோல், முதலில் ஏழையின் மகிழ்ச்சியையே பறித்துவிடும். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை ஆழ்ந்து ஆய்ந்தார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் உள்ளத்துக்கு விளையாட்டும் களிப்பும் தேவை என்பது அவர் முடிவு. அளவு மீறிய களியாட்டத்தை மட்டுமன்றி, களிப்பே இல்லாமையையும் அவர் குறைபாடாகவே கருதினார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்ற பழங்கதையையும் அவர் எடுத்தாள்கிறார். ஏரிக்கரை மக்களுக்கு இதை விளக்க வில் வேண்டியதில்லை. நாள் முழுதும் நீரில் கிடக்கும் வலை இற்றுப்போகும். அதைக் கரையேற்றி உலர்த்தவும் பழுது பார்க்கவும் வேண்டும் என்பது அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும்.

ஆயின், ஓய்வு வேறு, வேலையின்மை வேறு. பழவேற்காட்டின் சில மீனவ ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை நிலவுகிறது. ஏரியின் குறிப்பிட்ட நீர்ப்பரப்பில் இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அதன் சாரம். நல்ல இடம் எவருக்கும் நிலையான சொத்தன்று. முறை வரும்போது பயன்படுத்தி, முறை முடிந்தவுடன் விட்டுக்கொடுக்க வேண்டும். இம்முறையில் இடம்பெறாதவர்களின் மனக்குறையும் நெடுநாளையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முறை இல்லாத நாளில் ஒருவர் கரையில் அமர்ந்திருப்பதைக் காரில் வருபவர் கண்டு, 'எத்தனை நிம்மதியான வாழ்க்கை!' என்று வியக்கக்கூடும். அது நிம்மதியா, நாளைய அரிசியைப் பற்றிய கவலையா என்பதைக் கடந்துபோகும் கண் அறியாது. தானே தேர்ந்துகொண்ட ஓய்வு ஒரு செல்வம். பிறரால் சுமத்தப்பட்ட ஓய்வோ ஒரு பாரம். இரண்டும் ஒரே மரநிழலில் அமர்ந்திருக்கலாம், ஆனால் ஒன்றல்ல.

பாடு முறை நமக்குக் கற்பிப்பது மற்றொன்றும் உண்டு. பொருளை உடைமையாக வைத்திருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்துவது மற்றொன்று என்று அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். தனியுடைமையை அவர் ஏற்கிறார். ஆனால் பயன் என்று வரும்போது, தேவையுற்றோருக்கு மனமுவந்து பகிரும் வண்ணம் அதைப் பொதுவானதாகக் கருதவேண்டும் என்கிறார். பழைய காரின் பயன் எவரெவரைச் சென்றடைகிறது? புதிய காரின் விலையில் பெரும்பகுதி தொலைதூரத் தொழிற்சாலைகளைச் சேரும். பழைய காருக்குச் செலவிடும் பணமோ பெரிதும் கைத்திறனைச் சேரும். கிடைக்காத உதிரிப்பாகத்தை அளந்து கடைந்து தருகிற லேத் தொழிலாளி, தகட்டைத் தட்டி நேராக்குகிற டிங்கர், இருக்கைக்குத் தோல் தைப்பவர் ஆகியோரின் கலை அதனால் வாழ்கிறது. இது மெய்யான நன்மை. அந்தப் பழைய எஞ்சின் கக்கும் புகை, சாலையோரம் நடப்பவரும் மூச்சில் இழுக்கும் புகை என்பதும் மெய்யே. கணக்கின் இரு பக்கங்களையும் எழுதுவதே நேர்மை.

வேகத்துக்கென்றே பிறந்த அந்தக் கார், இன்று நிதானத்தின் கருவியாகிவிட்டது என்பது காலம் செய்த விந்தை. பொன்னேரிச் சாலையில் அரசுப் பேருந்தே அதை முந்திச் செல்லும். கண்ணாடியும் குளிரூட்டியும் அடைத்து வைக்காததால், உப்புக்காற்றும் கருவாட்டு மணமும் பயணியின் மேல் தடையின்றிப் படும். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளைக் காண நின்றால், கண்ணுக்கும் பறவைக்கும் இடையே காற்று மட்டுமே இருக்கும். ஒன்றிய அரசு 2021-இல் வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த பழமைசார் வாகனமாகப் பதிவு பெற்றவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலைக்குக் கொண்டுவரலாம். அவ்வாறு பதிவு பெற்ற வண்டியை வாங்கி ஞாயிறுதோறும் உலா வர எண்ணுபவர், தாம் வாங்கியது சாலைக்கா, கூடத்துக்கா என்பதை முன்னரே தெளிந்துகொள்ள வேண்டும். உடைமை என்பதாலேயே எல்லாப் பயனும் உரிமையாகிவிடாது என்பதைச் சட்டமும் தன் வழியில் சொல்கிறது.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து செலவில் இல்லை, பார்வையில் இருக்கிறது. உலா வருபவருக்கு ஏரி ஒரு காட்சி. பூநாரை ஒரு காட்சி. வலை உலர்த்தும் பெண்ணும் காட்சியாகிவிட்டால் அங்கேதான் அறம் தவறுகிறது. திறந்த காரில் ஒரு நற்பயன் உண்டு. அதில் அமர்ந்திருப்பவர் பார்ப்பவர் மட்டுமல்லர், பார்க்கப்படுபவரும் ஆவார். கரையில் நிற்பவரின் கண் அவரை நேராகச் சந்திக்கிறது. அந்தக் கண்ணுக்கு அவர் என்ன மறுமொழி வைத்திருக்கிறார்?

மெக்கானிக்கின் கூலியை நிலுவை வைக்காமல் கொடுத்தாரா? கரையில் மீன் வாங்கும்போது, காருக்குக் கேட்ட விலை தந்த கை, கூடைக்காரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறதா? முகத்துவாரம் தூர்ந்துபோவதும் ஏரி நலிவதும், தம் மாலைப்பொழுது கெடும் என்பதற்காக மட்டுமன்றி, அங்கு வாழ்வோருக்காகவும் அவரை வருத்துகின்றனவா? தம் வீட்டில் பணிபுரிபவருக்கும் வாரத்தில் ஒரு மாலை ஓய்வு தருகிறாரா? இக்கேள்விகளுக்கு முகம் கொடுக்க வல்லவர் காரை வாங்கட்டும், மகிழ்ச்சியோடு ஓட்டட்டும். அவரை இடித்துரைக்க நமக்கு உரிமையில்லை. முகம் கொடுக்க இயலாதவர் காரைத் துறந்துவிட்டாலும் நீதிமான் ஆகிவிடமாட்டார். சேமித்த பணம் அவரிடத்தில் வேறொரு வடிவில் அதே குற்றத்தைச் செய்யும்.

ஓய்வு மனிதனுக்கு உரியது என்று சொல்லும்போது, அது எல்லா மனிதருக்கும் உரியது என்றே சொல்கிறோம். ஆகையால் ஓய்வை அனுபவிப்பவர், அது கிட்டாதவருக்குக் கடன்பட்டவர். பாடு முறையில் தன் முறையை அனுபவித்தவன் அடுத்தவன் முறையைக் காக்கக் கடமைப்பட்டிருப்பதுபோல, இளைப்பாறும் பேறு பெற்றவரும் பிறர் இளைப்பாறக் காவலராக நிற்க வேண்டும். அந்தக் கடமையை உணர்ந்தவரின் இன்பம் குறைந்துவிடுவதில்லை. அதன்பிறகுதான் அது குற்ற உணர்வின்றி நுகரத்தக்க இன்பமாகிறது.