கணக்குக் கேட்பாரில்லாத வேலை

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தாமதமாக வந்தால் கேட்க ஆள் உண்டு. பாடத்தை முடிக்காவிட்டாலும் கேட்பார்கள். கிறிஸ்துவின் பெயரால் கடல் தாண்டிப் போய், கூலி வாங்காமல் பாடம் நடத்துகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. "நம் பிள்ளைகளுக்காக வீடு வாசலை விட்டு வந்திருக்கிறார், அவரைப் போய் என்ன கேட்பது?" என்று தலைமையாசிரியரே தயங்கிவிடுவார். தன்னார்வ ஆசிரியருக்கு உண்மையான ஆபத்து இந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் தாமாகவே கணக்கு ஒப்புவிக்கத் தெரியாதவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது என்பது என் எண்ணம். விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, தான்சானியாவின் முவான்சா பக்கம், ஒரு மிஷன் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்திய காலத்தில் எனக்கு இது உறுதிப்பட்டது.

அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. அதற்குள் பிள்ளைகள் வந்து வளாகத்தைக் கூட்டி, வாளிகளில் தண்ணீர் சுமந்து நிரப்பியிருப்பார்கள். எதிர்ப்படும் ஒவ்வொருவரும் "ஷிகாமோ" என்று வணங்குவார்கள். "மராஹாபா" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கடந்துபோவது பெரிய அவமதிப்பு. இடைவேளையில் மக்காச்சோள மாவுக் கஞ்சி. மதியம் அதே மாவைக் கெட்டியாகக் கிண்டிய உகாலி, தொட்டுக்கொள்ள அவரைப் பருப்புக் குழம்பு. சில நாள் ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்த டகா என்னும் பொடிமீன். மூன்றாம் வாரத்தில் நாக்கு சோற்றுக்கு ஏங்கும்.

இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்பியபோது அவர்களுக்குச் சொன்னவற்றில் இரண்டு, சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பற்றியவை. கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். வசதி தேடி வீட்டுக்கு வீடு மாறக் கூடாது. பிரசங்கங்களில் இந்த வரிகளை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவருக்கு இவைதான் முதல் சட்டம் என்று எனக்குப் படுகிறது. தனியே அரிசி வடித்து, ஊரிலிருந்து வந்த ஊறுகாயோடு அறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பாவம் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் கை கழுவிவிட்டு எல்லோரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்காரும் நேரத்தில்தான் யார் வீட்டில் மழை பொய்த்து மக்காச்சோளம் கருகியது, எந்தப் பெண்ணின் தாய் படுக்கையில் இருக்கிறாள், அவள் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் பேச்சில் வரும். அந்தப் பேச்சு காதில் விழாதவர், வராதவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

மொழியும் அப்படித்தான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அத்தனை பாடமும் சுவாஹிலியில் நடக்கிறது. மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில் கால் வைத்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடும். ஜனவரியில் வகுப்பு தொடங்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆறில் ஐந்து என்று எழுதினால் ஐந்து மேலே, ஆறு கீழே என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. ஒரு சிறுமியைக் கரும்பலகைக்கு அழைத்து 5/6, 3/8 இரண்டையும் கூட்டச் சொன்னேன். மீச்சிறு பொது மடங்கு என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டதும் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின் வரிசையில் இருந்த உள்ளூர் ஆசிரியர் "கே-டி-எஸ்" என்று மூன்றே எழுத்தைச் சொன்னார். தொடக்கப் பள்ளியில் அவர்கள் அதற்குச் சொல்லிப் பழகிய சுருக்கம் அது. அவள் உடனே 24 என்று எழுதினாள். 20-ஐயும் 9-ஐயும் மேலே போட்டாள். 29/24 என்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று அறிக்கை அட்டையில் எழுதியிருந்தால் அது பொய்சாட்சி ஆகியிருக்கும். போகிற நாட்டின் மொழியைப் போவதற்கு முன்பே படிக்கத் தொடங்குவது ஆர்வத்துக்குரிய விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதைக் கடமை என்கிறேன்.

இரவில் நோட்டுகளைத் திருத்துவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுபது நோட்டு, மின்சாரம் போய்விட்டால் சூரிய விளக்கு. திருத்தாமல் திருப்பிக் கொடுத்தாலும் யாரும் புகார் செய்யப்போவதில்லை. அதனாலேயே திருத்த வேண்டும்.

பிரம்பு விஷயம் இதைவிடக் கடினமானது. தான்சானியச் சட்டம் பள்ளியில் பிரம்படியை அனுமதிக்கிறது. தலைமையாசிரியரின் ஒப்புதல் வேண்டும், நான்கு அடிக்கு மேல் கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதிகள் உண்டு. விதி எல்லா நாளும் நினைவில் இருப்பதில்லை. வெளியிலிருந்து வந்தவர் என்ன செய்வது? பிள்ளைகள் முன்னால் சக ஆசிரியரின் கையைப் பிடித்துத் தடுத்து நல்லவர் பெயர் வாங்குவது எளிது. ஆண்டு முடிந்து அவர் விமானம் ஏறிவிடுவார். அவமானப்பட்ட ஆசிரியரும் அந்தப் பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள். என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையையும் பிரம்புக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஆசிரியர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாகப் பேசினேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் "உங்கள் ஊரில் அடிப்பதே இல்லையா, முவாலிமு (ஆசிரியரே)?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பள்ளிகளிலும் பிரம்பு இருந்தது என்ற உண்மையை மறைக்காமல்தான் அந்தப் பேச்சை மேற்கொண்டு நடத்த முடியும்.

பணத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 2016 முதல் அரசு மேல்நிலைப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் கட்டணம் இல்லை. மிஷன் பள்ளிகளில் உண்டு. கட்டணம் பாக்கி என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன், சாயங்காலம் ஆசிரியர் வீட்டு வாசலில் வந்து நிற்பான். வாய் திறந்து கேட்க மாட்டான், வெறுமனே நிற்பான். பையில் பணம் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது பெரிய வேதனை. ஆனாலும் அந்தப் பணம் பள்ளியின் உதவி நிதி வழியாக, கொடுத்தவர் பெயர் தெரியாமல், பலரும் சேர்ந்து முடிவு செய்யும் வரிசையில் போக வேண்டும். நேரே வாங்கிக்கொண்ட பையன், மறுநாள் நான் பலகையில் தவறாக எழுதினால் எழுந்து சொல்ல மாட்டான். அவனுடைய நண்பன் தனக்கும் கிடைக்கும் என்று காத்திருப்பான். பவுல் கொரிந்து பட்டணத்தில் கூடாரத் தொழில் செய்து தம் சாப்பாட்டைத் தாமே சம்பாதித்தது, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக. பாரம் இரண்டு விதமாகவும் வரும்: வாங்குகிறவராலும் வரும், அள்ளிக் கொடுக்கிறவராலும் வரும்.

நம்பிக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். என் கையால் மதிப்பெண் பெறும் பிள்ளை, என் ஜெபத்துக்குத் தலைகுனிய மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இல்லை. அப்படிக் குனிந்த தலையைச் சாட்சி என்று சபைக்குக் கடிதம் எழுதுவது தேவனுடைய பெயரை வீணாக வழங்குவதாகும். ஞாயிறு ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். திங்கட்கிழமைக் கணித வகுப்பில் நடப்பது கணிதம் மட்டுமே.

தமிழர்களாகிய நமக்கு இந்த வாழ்க்கையின் மறுபக்கமும் தெரியும். நாம் அந்த ஊழியத்தை வாங்கிக்கொண்டவர்கள். 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளிக்கு, 1840-இல் எலைசா ஆக்னியூ என்ற நியூயார்க்காரர் வந்து சேர்ந்தார். திருமணம் ஆகாதவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1879 வரை அங்கே பணிசெய்தார். ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. 1883-இல் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. அந்த நீண்ட காலத்தை வியந்து பேசுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதை ஒரு பாட்டி பேத்தியின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்லக்கூடிய தூரத்திலேயே அவர் வாழ்நாள் முழுதும் இருந்தார். ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறவருக்கு அந்தச் சோதனை வருவதே இல்லை.

எல்லோரும் நாற்பதாண்டு தங்க முடியாது. இன்று தங்கவும் கூடாது. தான்சானியாவுக்குச் சொந்த ஆசிரியர்கள் உண்டு. அதன் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயே ஆசிரியராக இருந்தவர். 1955-இல் பூகு பள்ளி வேலையை விட்டுத்தான் முழுநேர அரசியலுக்கு வந்தார். அதிபரான பின்பும் மக்கள் அவரை முவாலிமு, ஆசிரியர், என்றே அழைத்தார்கள். தற்சார்புக்கான கல்வி என்று 1967-இல் அவர் எழுதிய திட்டம் பாதி நிறைவேறியது, பாதி நின்றுபோனது. ஆனால் அந்நாட்டில் இன்று பயிற்சி முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளம் ஆசிரியர்கள் ஏராளம். இலவசமாக வரும் என்னைப் போன்ற ஒருவர் பள்ளிக்கு மலிவு. என்னால் அவர்களில் ஒருவருடைய சம்பளம் மிச்சமாகிறது என்றால், நான் செய்யும் தியாகத்துக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ.

ஆகவே வரும்போதே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது: ஃபார்ம் ஃபோர் பிள்ளைகளைத் தேசியத் தேர்வுக்கு முன்னால் நடுவழியில் விட்டுவிட்டுப் போக மாட்டேன்; இந்தப் பாடத்துக்கு உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அமர்த்தப் பள்ளிக்கு வழி பிறந்தால், அந்த வாரமே என் வகுப்புகளை அவரிடம் கொடுத்துவிட்டு அவருக்கு உதவியாளாக இருப்பேன். அவருக்காக ஒரு நோட்டும் தொடங்கி வைத்திருக்க வேண்டும். எந்த அதிகாரம் முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, யாருக்குப் பின்னம் பிடிபடவில்லை, யாரை முன் வரிசையில் உட்கார வைத்தால்தான் பலகை தெரியும் என்பதையெல்லாம் அவர் வாசிக்கும் மொழியில், வாரா வாரம் தேதி போட்டு எழுதி வர வேண்டும்.