அஞ்சாத பறவையின் முன்னால்

அச்சம் ஓர் அரண். சருகு அசைந்ததும் மான் ஓடுகிறது. முற்றத்தில் நிழல் விழுந்ததும் சிட்டுக்குருவி பறந்துவிடுகிறது. நம்மிடமிருந்து அவற்றைக் காப்பது, நம் கருணையைக் காட்டிலும் அவற்றின் அச்சமே என்பதை மறுப்பதற்கில்லை. அப்படியானால், மனிதனைக் கண்டு அஞ்சவே அறியாத உயிர் ஒன்று நம் எதிரே வந்து நிற்கும்போது அதைக் காப்பது எது?

இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் இடம் ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலில், எக்குவடோர் நாட்டின் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டின் மீது சிதறிக் கிடக்கும் கலாபகஸ் தீவுகளே அவை.

அங்கே தீவுக்குத் தீவு படகில் செல்லும் பயணி ஒரு பகற்பொழுதில் காண்பவை வியப்புக்குரியவை. நார்த் சீமோர் என்னும் சிறு தீவில், காலை வைக்க வேண்டிய பாறையிலேயே கடற்சிங்கம் படுத்திருக்கும். அது எழுந்து வழிவிடுவதில்லை. வந்தவர்தாம் சுற்றிச் செல்ல வேண்டும். நீலப் பாதங்களையுடைய பூபிப் பறவை ஒற்றையடிப் பாதையின் ஓரத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கும். பிற்பகலில் சவுத் பிளாசா தீவில் இறங்கினால், இகுவானா எனப்படும் பெரிய மஞ்சள்நிற ஓணான்கள் கள்ளிச்செடிகளின் அடியில் அசையாது கிடக்கும். நம் நிழல் மேலே விழுந்தாலும் கண்ணை மட்டுமே திறந்து பார்க்கும்.

இந்த அஞ்சாமையை மனிதன் எவ்வாறு எதிர்கொண்டான்? 1535ஆம் ஆண்டில் நீரோட்டத்தால் இழுத்துவரப்பட்டு இத்தீவுகளைக் கண்ட பனாமா ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா, இங்குள்ள பறவைகள் தப்பியோடத் தெரியாத பேதைகள் என்று ஸ்பெயின் மன்னருக்கு எழுதினார். 1835இல் வந்த சார்ல்ஸ் டார்வின், கிளையில் அமர்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளிவிட முடிந்ததைப் பதிந்தார். ஃபுளோரியானா தீவில் அவர் கண்ட மற்றொரு காட்சி நம் நெஞ்சைத் தொடுவது. கிணற்றருகே கையில் குச்சியுடன் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். நீர் பருக வந்த புறாக்களையும் சிறு குருவிகளையும் அடித்து, இரவு உணவுக்காகக் குவித்து வைத்திருந்தான்.

பசித்த சிறுவனைப் பழிக்க நாம் விரைய வேண்டாம். ஆனால் பசியோடு மட்டும் இது நின்றதா? திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இத்தீவுகளின் பேராமைகளை உயிருடன் ஏற்றிச் சென்றன. உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் உயிர்தாங்கும் அவற்றின் ஆற்றலே அவற்றுக்குக் கேடாயிற்று. இவ்வாறு அழிந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுகின்றனர். 1820இல் ஒரு கப்பலின் மாலுமி விளையாட்டாக மூட்டிய தீ, அதே ஃபுளோரியானாவை எரித்தது. அத்தீவுக்கே உரிய ஆமையினம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அங்கிருந்து மறைந்துபோயிற்று.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அப்பறவை நம்மை நம்பவில்லையே! அதற்கு நம்மைப் பற்றித் தெரியாது, அவ்வளவுதான். வாக்குக் கொடாத இடத்தில் துரோகம் ஏது?" சிந்திக்கத்தக்க கேள்விதான். ஆனால், திருட்டு என்று ஒன்று உலகில் உண்டென்பதே அறியாமல் ஒருவர் கதவைத் திறந்து வைத்திருந்தால், உள்ளே புகுந்தவனின் குற்றம் குறைந்துவிடுமா? தோளில் உறங்கும் குழந்தை நம்மோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை. ஆயினும் அதன் பாரம் முழுவதும் நம் மீதே இருக்கிறது. எதிரியின் அறியாமை பெருகப் பெருக நம் வலிமை பெருகுகிறது; வலிமையோடு கடமையும் பெருகுகிறது. அஞ்சாமை என்பது, கேளாமலேயே நம் கையில் வைக்கப்பட்ட அமானிதம்.

1959இல் இத்தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இன்று பயணிகள் வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும். எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அச்சம் ஏற்படுத்தியிருக்க வேண்டிய இடைவெளியை அங்கே சட்டம் ஏற்படுத்துகிறது. பறவை விலகாது, ஆகவே மனிதன் விலக வேண்டும்.

எனினும், தவறைத் திருத்துவதும் எளிதன்று. மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி, ஆமைகளின் மேய்ச்சலை அழித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த பெருந்திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மறைந்திருந்த எஞ்சிய ஆடுகளைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ஒலிபரப்புக் கருவி கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டனர். இனத்தைத் தேடிச் செல்லும் அவற்றின் இயல்பே இனத்தைக் காட்டிக்கொடுத்தது. செடிகொடிகள் மீண்டும் தழைத்தன. ஆமைகளுக்கு இடம் கிடைத்தது. அது தேவையான செயல் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஆடுகள் செய்த குற்றம் என்ன? கப்பலேறி வர அவை விரும்பினவா? முன்னோர் செய்த பிழையின் விலையை, பிழையறியாத வேறோர் உயிர் செலுத்திற்று. தேவையான செயலும் கையில் கறையை விட்டுச் செல்லும் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

தொலைதூரத் தீவுகளின் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், மகன் நீட்டிய பத்திரத்தில் என்னவென்று கேளாமல் கைரேகை வைக்கிறார். கூலியை எண்ணிப் பாராமல் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள் வேலைக்கு வந்த பெண். வழக்காடத் தெரிந்தவரிடம் நாம் காட்டும் நேர்மையில் பாதி, அவர் மீது நமக்குள்ள அச்சம். கணக்குக் கேட்கத் தெரியாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் நேர்மையின் உண்மையான அளவு தெரியும். அந்த 2 மீட்டரை அவர்கள் கேட்கப் போவதில்லை. நாமே விட்டு நிற்க வேண்டும்.