கொடைமடமும் மலைப்புல்வெளியும்: ஓர் அறவியல் நோக்கு

மரம் நடுதல் அறம் என்பதில் தமிழ் மரபு ஐயம் கொண்டதில்லை. குளம் தோண்டுதலையும் அதன் கரையில் மரக்கிளை நடுதலையும் துறக்கம் தரும் செயல்களுள் வைத்துச் சிறுபஞ்சமூலம் பேசுகிறது. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. நற்செயல் ஒன்று எந்நிலத்தும் நற்செயலாகவே நிற்குமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் ஏறத்தாழ 1500 மீட்டருக்கு மேல் காடும் புல்லும் அடுத்தடுத்து அமைகின்றன. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடுகள் செறிந்திருக்க, சரிவுகளைப் புல் போர்த்தியிருக்கிறது. காடு அழிந்ததால் புல் வந்தது என்று முன்னர்ப் பலர் கருதினர். நீலகிரியின் சதுப்புமண் படிவுகளை ஆராய்ந்து 1993இல் சுகுமார் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகவே இங்குப் புல்லும் மரமும் தட்பவெப்பத்திற்கேற்ப மாறிமாறி மிகுந்தும் குறைந்தும் வந்தமையைக் காட்டியது. குளிர்கால உறைபனி சரிவுகளில் மரக்கன்றுகளைத் தழைக்கவொட்டாது தடுக்கிறது. ஆகவே இப்புல்வெளி மரம் இழந்த நிலமன்று. தனக்கே உரிய வாழ்வுடைய நிலம். வரையாடு மேய்வதும் நீலகிரி நெட்டைக்காலி கூடுகட்டுவதும் இங்கேதான். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் நீலக்குறிஞ்சியும் நெடுமரமன்று. புற்சரிவுகளில் வளர்ந்து பன்னிரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் புதர்ச்செடியே.

குடியேற்றக் கால வருவாய்க் கண்ணோட்டம் இந்நிலத்தைத் தரிசு என வகைப்படுத்தியது. எருமை மேய்த்த தொதவர்க்கு அது வாழ்நிலமாகவும் கோயில்களுக்குக் கூரைப்புல் தரும் நிலமாகவும் இருந்தமை அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் வந்தன. விடுதலைக்குப் பின்னர் விறகு, தோல் பதனிடும் பட்டை, செயற்கை இழைக்கான மரக்கூழ் ஆகிய தேவைகளுக்காகத் தோட்டங்கள் பெருகின. பழனி மலைப் புல்வெளிகளுள் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்ததை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. நீலகிரியின் கிளென்மார்கனில் நிகழ்ந்த நீரியல் ஆய்வில், தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்பின் நீர்வரத்து, புல்வெளியாக விடப்பட்டதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது.

வணிகத் தேவையே இதற்கு முதற்காரணம் என்பது மெய். ஆயினும் மரம் நடுவது எவ்விடத்தும் நன்றே என்னும் பொதுநம்பிக்கை அத்தேவைக்கு அறத்தின் தோற்றத்தைத் தந்தது. இவண் பேகனை நினைத்தல் பொருந்தும். பழனி மலைப்பகுதியை ஆண்டவனாகக் கூறப்படும் அவ்வள்ளல், குளிரால் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான். மயில் அதனை உடுக்காது, வேண்டவுமில்லை. பெறுவோர் நிலை நோக்காத இத்தகைய ஈகையைப் புறநானூற்றில் பரணர் கொடைமடம் என்னும் சொல்லால் குறிக்கிறார். அது பழிப்பன்று, புகழே. ஆனால் அதே பரணர், பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது, மயிலுக்கு இரங்கியவனிடமே அவள் துயர் தீர்க்குமாறு இரந்து நிற்கிறார். வேண்டாத உயிர்க்குப் போர்வை கிடைத்தது. வேண்டிய உயிர்க்கு அருள் கிடைக்கவில்லை. கொடைமடத்தைப் போற்றிய புலவரே அதன் எல்லையையும் உணர்த்தினார் எனலாம்.

மயில் அப்போர்வையைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அக்கொடையால் அதற்குக் கேடில்லை. புற்சரிவோ தன்மேல் போர்த்தப்பட்ட மரங்களை உதற இயலாதது. கொடை பெறுவோரை அழிக்குமிடத்து மடம் என்னும் சொல் தன் அழகை இழக்கிறது. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதும் கருப்பொருளும் உண்டு எனக் கண்ட திணைக் கோட்பாட்டினின்று நாம் பெறத்தக்க அறம் ஒன்றுண்டு: ஈவதற்கு முன் பெறுவதன் இயல்பை அறிதல். நிலத்தின் இயல்பறியாத நன்மை, ஈவோனின் மனநிறைவாகவே முடியும்.

இவ்வறம் இன்றைய மீட்புப் பணிக்கும் பொருந்தும். அயல்மரங்களை ஒருங்கே வெட்டுதல் எளிய விடையன்று. சீகை மரத்தின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திருந்து, வெட்டிய இடத்திலேயே மீண்டும் செறிந்து முளைக்கின்றன. முதிர்ந்த தோட்டங்கள் சிலவற்றின் நிழலிலோ சோலைமரக் கன்றுகள் எழுகின்றன. எனவே புல் எஞ்சியிருக்கும் சரிவுகளைப் புதிதாய் முளைக்கும் அயல்கன்றுகளினின்று காப்பது முதற்கடன். சோலை தழைக்கும் தோட்டங்களில் கோடரியை நிறுத்திவைப்பதும் கடனே. நடுதலும் வெட்டுதலும் தம்மளவில் அறமுமல்ல, மறமுமல்ல. அவ்வச் சரிவின் முன் நின்று, அது வேண்டுவது யாது எனப் பொறுமையுடன் வினவுதலே அறத்தின் தொடக்கம்.